தேர்ச்சி உண்டு; படிப்பு இல்லை! விடை சொல்ல வேண்டியவர் யார்?

தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசி, அரசுப் பள்ளியில் ஐந்தாண்டு அமர்ந்தெழுந்த பிள்ளை, தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்க இயலாமல் ஆறாம் வகுப்பிற்குள் நுழைகின்றது. அத்தகைய பிள்ளை ஊருக்கு ஒன்றன்று, வகுப்புக்குப் பலர். அப்பிள்ளையின் ஏட்டில் ஐந்து முறையும் 'தேர்ச்சி' என்றே எழுதப்பட்டிருக்கின்றது. அது பொய்யென்று எழுதிய கைக்குத் தெரியும். மேலொப்பமிட்ட கைக்கும் தெரியும். ஏன், அந்தப் பிள்ளைக்கே தெரியும். தெரியாதவர், கூலி வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் பெற்றோர் மட்டுமே. நாட்டில் நடக்கும் பொய்களுள் இதனினும் பெரிய பொய் வேறில்லை. ஏனெனில், ஏமாற்றப்படுவது ஓர் ஏழைப் பிள்ளையின் வாழ்நாள் முழுமையும் ஆகும்.

மொழிநலம் பேசும் நமக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. 1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த நாள்தொட்டு, கலப்பை நீக்கினோம், சொல்லை மீட்டோம். மொழிஞாயிறு பாவாணர் தலைமையில் 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி பல மடலங்களாய் வெளிவந்து நிறைவுற்றது. பெயர்ப்பலகையில் தமிழ், அலுவலகத்தில் தமிழ், முறைமன்றத்தில் தமிழ், வழிபாட்டில் தமிழ் என்று நாம் எழுப்பிய முழக்கங்கள் அனைத்தும் முறையானவையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பலகையைத் தமிழாக்கிவிட்டால் போதுமா? அதை நின்று படிப்பதற்கு ஆள் வேண்டாவா? அகரமுதலியைப் புரட்டத் தெரியாத தலைமுறைக்கு அகரமுதலி எதற்கு? மொழிக்கு வரும் கேடு வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. எழுத்தறியாத தமிழ்ப்பிள்ளை, தமிழின் அடித்தளத்தில் விழுந்துள்ள வெடிப்பு.

இது வெற்றுப் புலம்பலன்று. ஊர்ப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அறிக்கை வெளியிடும் 'அசர்' என்னும் கணக்கெடுப்பு பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது. இரண்டாம் வகுப்பு நிலையில் எழுதப்பட்ட சிறு கதையைத் தடையின்றிப் படிக்க வேண்டும், அவ்வளவே அத்தேர்வு. தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் அதைப் படிக்க வல்லவர், 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேர், 2022இல் ஐவருக்கும் குறைவு, 2024இல் பன்னிருவர். ஐந்தாம் வகுப்பிலேனும் நிலை தேறியதா? 2018இல் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் இருந்தது, 2022இல் இருபத்தைவராகச் சரிந்து, 2024இல் முப்பத்தைவர் அளவிற்கு ஏறியது. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் 2022இன் சரிவு நேர்ந்தது என்பர். அது மெய்யே. ஆனால் நோய் வருமுன்னரே, 2018இலேயே, ஐந்தாம் வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலாதிருந்தனரே, அதற்கு எந்த நோய் கரணியம்?

இக்கணக்கு பிழையானது, கேட்ட முறை பொருந்தாதது, வடவர் அமைப்பொன்றின் அளவுகோலை நாம் ஏற்க வேண்டியதில்லை என்று மறுப்பாரும் உளர். 2025இல் மாநிலத் திட்டக்குழு தானே ஒரு பெரிய அடைவுத் தேர்வை நடத்தியது. நன்று. எவர் கணக்கு மெய் என்னும் வழக்கில் நாம் இறங்க வேண்டா. படிக்கத் தெரியுமா என்பதை அறிய ஆய்வறிஞர் குழு தேவையில்லை. ஒரு பிள்ளை, ஒரு பக்கம், கேட்பதற்கு ஒரு செவி: இம்மூன்றும் போதும். அந்தச் செவி ஊராருடைய செவியாக இருக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

மேல்வகுப்பில் வெளிப்படும் அறிகுறிகளையும் நோக்குக. 2022ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மட்டும் 47,000-க்கும் மேற்பட்டோர் தோல்வியுற்றனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த்தேர்வு நடந்த நாளில் 50,000-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கே வரவில்லை. இதழ்கள் வியந்தன, அமைச்சர்கள் விளக்கம் தந்தனர், சில நாளில் எல்லாம் அடங்கிற்று. வராமற்போனமைக்கு வறுமை, வேலை, இடைநிற்றல் எனப் பல கரணியங்கள் உண்டு. எனினும், தமிழில் தோற்ற 47,000 பேரும் பத்தாம் வகுப்பில் திடுமெனத் தமிழை மறந்தவரல்லர். முதல் மூன்றாண்டில் எழுத்துக் கூடாதவன், அடுத்த ஏழாண்டும் பொத்தகத்தின்முன் அமர்ந்திருந்தான், படித்தானல்லன். வரலாறும் அறிவியலும் கணக்கும் அவனுக்கு எழுத்து வடிவில்தானே வருகின்றன? எழுத்துக் கதவு அடைபட்டவனுக்கு எல்லாக் கதவும் அடைபட்டவையே.

தமிழெழுத்துக் கடினமானது, 247 எழுத்தைப் பிள்ளை எப்படித் தாங்கும் என்று சிலர் இரங்குவர். இது எழுத்தியல் அறியாதார் கூற்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. எஞ்சிய 216 உயிர்மெய்யும் இவற்றின் கூட்டே. ணா, றா, னா, ணை, லை முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களும் 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கின. உகர ஊகார வரிசையில்மட்டுமே வடிவங்கள் பலவாறு வேறுபடும். அவற்றைத் தனித்துப் பயிற்ற வேண்டும். ஒகர வரிசையில் இன்னொரு தடை உண்டு. 'கொ' என்பதைச் செவி ககரத்திற் தொடங்கிக் கேட்கின்றது; கண்ணோ கொம்பை முதலிற் காண்கின்றது. பல பிள்ளைகள் இடறுவது இவ்விடத்திலேதான். பேச்சில் 'போயிட்டான்' என்னும் பிள்ளை ஏட்டில் 'போய்விட்டான்' என்று காணும்போது தயங்குவதும் இயல்பே. இத்தடைகள் நான்கைந்துதாம். தெரிந்த ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் ஒரு மணிநேரம் செவிகொடுத்துக் கேட்டு, இடறிய இடத்தைப் பிடித்துத் திருத்தினால், ஓராண்டிற்குள் எழுத்துக் கூடும். ஈராண்டிற்குள் படிப்பு ஓடும். ஆங்கிலப் பிள்ளை தன் மொழியின் ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டோடு போராட வேண்டியுள்ளது; தமிழ்ப்பிள்ளைக்கு அத்தகைய போராட்டம் இல்லை. இயற்கை நமக்குத் தந்த இந்த நன்மையைத்தான் நாம் வீணாக்குகின்றோம்.

அப்படியாயின் எழுத்து ஏன் கூடவில்லை? முதற் கரணியம், ஒரே ஆசிரியர் பல வகுப்பைக் கட்டி மேய்க்கும் நிலை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் ஈராசிரியரே. அவருள் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடும் கைப்பேசியிற் பதிவேற்றும் வேலையுமாக அவர் நாள் கழிகின்றது. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, தேர்தற் பணி என்று அரசின் எல்லாச் சுமைக்கும் தோள் கொடுப்பவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரே. பிள்ளையின் குரலைக் கேட்க அவருக்கு நேரமில்லை. இரண்டாவது, பாடநூலின் ஓட்டம். எழுத்துக் கூடினாலும் கூடாவிட்டாலும் பாடம் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடும். மூன்றாவது, எழுத்தோடு எழுத்து மோதல். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தாய்மொழி எழுத்து மனத்திற் பதியுமுன் அயலெழுத்தும் அதன்மேற் கொட்டப்படுகின்றது. இரண்டும் கலங்கி, இரண்டும் தெளியாமற் போகின்றன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழி வழியாக்க 1999இல் அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்முறைமன்றம் 2000இல் தள்ளியது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகவேனும் கட்டாயமாக்கியது. பாடமாக்கியது சட்டம், படிக்கவைக்க வேண்டியது பள்ளி.

இனி, 'படிக்காத பிள்ளையைத் தோல்வியுறச் செய்க. அஞ்சிப் படிப்பான்' என்பார் கூற்றுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைத்தல் கூடாதென்றது. 2019இல் அதை நடுவணரசு தளர்த்தியது. 2024 திசம்பரில் தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழிசெய்தது. தமிழ்நாடு அவ்வழிச் செல்ல மறுத்தது. மறுத்தது முறையே. கற்பிக்கத் தவறியவர் பெரியவர், ஒறுக்கப்படுபவன் சிறுவனா? நிறுத்தப்பட்ட பிள்ளை அதே அறையில், அதே முறையில், மறுபடியும் அதே பாடத்தையே கேட்கும். அடுத்த ஆண்டு மாடு மேய்க்கவோ கடையிற் கோப்பை கழுவவோ போய்விடும். முதலிற் போவது பெண்பிள்ளையாகவும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளையாகவும் இருக்கும். திண்ணைப் பள்ளிக் காலத்தில் வாசலிலேயே தடுத்தனர். இப்போது ஐந்தாம் வகுப்பிற் தடுப்பதா? பிள்ளையை மேலே அனுப்புக. ஆனால் அவன் படிக்கத் தெரியாதவன் என்பதை மறைத்து அனுப்பாதீர் என்பதே நம் நிலை.

இன்னொரு சாரார், 'பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுங்கள்' என்பர். புதிது போல் தோன்றும் இவ்வழி மிகப் பழையது. இங்கிலாந்தில் 1862இல் அவ்வாறே சட்டஞ் செய்தனர். ஆய்வாளர் வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படித்த தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் கிடைக்கும். விளைவு யாது? பிள்ளைகள் பொத்தகம் முழுவதையும் நெட்டுருப் போட்டனர். ஏட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்பித்தனர். பள்ளி ஆய்வாளராயிருந்த பாவலர் மாத்தியூ ஆர்னால்டே அம்முறையைக் கடுமையாகச் சாடினார். அந்நூற்றாண்டு முடியுமுன் அதைக் கைவிட்டனர். நம் காலத்திலும் அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரில், தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தியாக வேண்டும் என்னும் நெருக்கடியால் ஆசிரியரும் தலைமையாசிரியரும் பிள்ளைகளின் விடைத்தாளைத் தாமே திருத்தினர். 2015இல் பதினொருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அச்சமும் பணமும் மதிப்பெண்ணை உயர்த்தும், படிப்பை உயர்த்தா.

அங்ஙனமாயின் பொறுப்பேற்கச் செய்ய வழியே இல்லையா? உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், வறுமை மிகுந்த சியரா மாநிலத்தில், சோப்ரால் என்றொரு நகர் உளது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர்ப் பள்ளிகளிற் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் படிக்கத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. நகராட்சி அதை மறைக்கவில்லை. உரிய அகவையிற் படிக்கக் கற்பித்தலையே முதற் குறிக்கோளாக அறிவித்தது. தலைமையாசிரியரைக் கட்சிப் பரிந்துரையால் அன்றித் தகுதியால் அமர்த்தியது. பள்ளிக்கு வெளியே உள்ளவர் வந்து, பிள்ளைகள் படிப்பதை ஆண்டுதோறும் கேட்டறிய ஏற்பாடு செய்தது. 2007இல் மாநில அரசு, நகராட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப்பணத்தின் ஒரு பகுதியைக் கல்வி முன்னேற்றத்தோடு பிணைத்தது. அங்குப் பொறுப்புச் சுமத்தப்பட்டது தனி ஆசிரியர்மீதன்று, ஆட்சிமீது. 2017இல் அந்நாட்டின் தொடக்கக் கல்வித் தரவரிசையில் அவ்வேழை நகரே முதலிடம் பெற்றது. பணக்கார நகர்கள் பின்னே நின்றன.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. 2007-ஐ ஒட்டிச் செயல்வழிக் கற்றல் பரவியது. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. 2025க்குள் எட்டகவை நிறைந்த பிள்ளை ஒவ்வொன்றும் பொருளறிந்து படிக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை பின்தங்கியோர்க்கெனத் 'திறன்' இயக்கமும் வந்தது. திட்டங்களைக் குறைகூற வேண்டா. ஆனால் 2025 கடந்துவிட்டது. குறிக்கோள் நிறைவேறியதா என்று எந்த ஊர்ப் பெற்றோர்க்கு எவர் வந்து கணக்குச் சொன்னார்? திட்டம் தொடங்க விழா உண்டு. முடிவு சொல்ல அவை இல்லை. குறை அங்கேதான் உள்ளது.

ஆதலின் நாம் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, இரண்டாம் வகுப்பு முடிவிலும் மூன்றாம் வகுப்பு முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும், தான் முன்பு காணாத ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்பவர் வேறு பள்ளி ஆசிரியராக இருத்தல் வேண்டும். பாடநூற் பக்கத்தைக் கொடுத்தல் கூடாது; கொடுத்தால் இங்கிலாந்து நெட்டுருவே இங்கும் நடக்கும்.

இரண்டாவது, முடிவை ஊரவையிற் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளிலும் ஆண்டுக்கு ஆறுமுறை ஊரவை கூட வேண்டுமென 2022 முதல் ஏற்பாடு உளது. அவற்றுள் ஓர் அவையில், 'நம் பள்ளி மூன்றாம் வகுப்பிற் பதினெண்மர், பதினொருவர் படிக்கின்றனர், எழுவர்க்கு இன்னும் கூடவில்லை' என்று எண்ணிக்கை மட்டும் அறிவிக்கப்படுதல் வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லுதல் கூடாது. இழிவு பிள்ளைக்கு உரியதன்று.

மூன்றாவது, அந்த எழுவர்க்கும் நாள்தோறும் ஒரு மணிநேரம் தனிப்பயிற்சி வேண்டும். அகவை பாராமல் எழுத்துநிலை பார்த்துப் பிரித்தல் வேண்டும். நன்றாகப் படிக்கும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப்பள்ளி மரபே. எழும்பூரில் 1789 முதல் பள்ளி நடத்திய ஆந்திரு பெல் என்னும் வெள்ளையர், இம்மரபைக் கண்டே சென்னை முறை என்று தம் நாட்டிற் பரப்பினார். நம் பொருளை நாமே மறந்தோம்.

நான்காவது, அலுவலரும் அவையில் நின்று விடை சொல்ல வேண்டும். ஆசிரியர் இடம் ஏன் வெற்றிடமாய்க் கிடந்தது? கற்பிக்கும் நாள்களில் எத்தனை நாள் வேறு பணிக்கு ஆசிரியரை இழுத்தீர்? ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குப் பட்டறிவு மிக்க ஆசிரியரை ஏன் அமர்த்தவில்லை? இவற்றைக் கேட்கும் உரிமை ஊராருக்கு வேண்டும். கீழே நிற்பவரை மட்டும் கேட்பது பொறுப்பேற்றல் ஆகாது, பழிபோடல் ஆகும்.

ஐந்தாவது, தமிழெழுத்து முற்றும் கூடிய பின்னரே அயலெழுத்துத் தொடங்குதல் வேண்டும். ஆங்கிலத்தைப் பகைத்து இதைச் சொல்லவில்லை. ஓரெழுத்தைப் படிக்கக் கற்ற கண்ணே மற்றோரெழுத்தை விரைந்து கற்கும்.

'இருக்கும் சுமை போதாதா, இதுவும் ஒரு தேர்வா?' என்று ஆசிரியத் தோழர்கள் கேட்பர். கேள்வி முறையானதே. ஒரு பிள்ளை ஒரு பக்கம் படிக்க மூன்று நிமையம் போதும். முப்பது பிள்ளைக்கு ஒன்றரை மணிநேரம். இதற்கு ஈடாக, எவரும் படித்துப் பாராத பதிவேற்றங்களில் பாதியை நிறுத்துமாறு கேட்போம். ஊரே கேட்கும்போது அக்கோரிக்கைக்கு வலிமை மிகும். பெற்றோர் பக்கம் நின்றால் ஆசிரியர்க்கு இழப்பில்லை, துணை உண்டு.

இறுதியாக நம் இயக்க அன்பர்க்கு ஒரு சொல். நீங்கள் வாழும் தெருவுக்கு அண்மையில் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, கிழமைக்கு ஒரு மணிநேரம் அங்கே சென்றமருங்கள். சொற்பொழிவு வேண்டா, பிள்ளை படிக்கக் கேளுங்கள். கடுஞ்சொல்லோடு தொடங்காதீர். கல், மண், மாடு, குடம், வரப்பு, வாய்க்கால் என்று பிள்ளையின் வாயில் இருக்கும் சொல்லோடு தொடங்குங்கள். உழவர் வீட்டுப் பிள்ளை பேசும் அச்சொற்கள் யாவும் தனித்தமிழே என்பதை அங்கே காண்பீர்கள். நகரத்துப் படிப்பாளி இழந்த தமிழ் அப்பிள்ளையின் நாவில் இன்னும் உயிரோடிருக்கின்றது. அதற்கு எழுத்து ஒன்றே குறை. அக்குறையைத் தீர்க்காமல் நாம் எத்துணைத் தூய சொல்லை ஆக்கினும், அது அப்பிள்ளைக்கு எட்டாத பரணில் வைத்த பண்டமே.

'தமிழ் வாழ்க' என்று சுவரில் எழுதுவோம், தவறில்லை. ஆனால் எழுதுமுன், அச்சுவரை ஒட்டிய பள்ளிக்குள் சென்று, அவ்விரு சொல்லைப் படிக்க வல்ல பிள்ளைகள் எத்தனைபேர் என்று எண்ணிவிட்டு எழுதுவோம்.